வளாகத்து வைஃபையில் நான் படித்த பாடம்



நமது கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி எனக்குக் கற்பித்த ஆசிரியை கேட்டபோது, தலைப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சென்ற விடுமுறையில் கிராண்ட்பாஸுக்கு வந்திருந்த என்னிடம் உம்மா கேட்ட கேள்வியே தலைப்பைத் தந்துவிட்டது. என் போனில் இருந்த ஒரு படத்தில், பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உம்மா கேட்டார்: "நீ கெம்பஸுக்குப் படிக்கப் போனியா, ஏணி புடிக்கப் போனியா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில். எங்கள் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா வலையமைப்பைப் புதுப்பிக்கும் வேலை கடந்த ஆண்டு நடந்தது. அதில் உதவிக்குச் சேர்க்கப்பட்ட மாணவர்களுள் நானும் ஒருத்தி. வகுப்பறையில் படித்த பௌதிகவியல் எதற்கு உதவும் என்று நான் அங்கேதான் கண்டுகொண்டேன்.

கடலைக் கடந்த சலாம்

வளாகத்துக்குள் கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கும் எண்ணம் புதியதல்ல. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிளைகள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. பேராசிரியர் நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் 1971இல் வானொலி அலைகளைக் கொண்டு அவற்றை மைய கணினியுடன் இணைக்கத் தொடங்கினார்கள். அந்த வலையமைப்புக்கு வைத்த பெயர் 'அலோஹா'. ஹவாய் மக்கள் ஒருவரை ஒருவர் கண்டால் சொல்லும் முகமன் அது. நமக்கு சலாம் போல.

அலோஹாவின் விதி எளிமையானது. அனுப்ப ஏதாவது இருந்தால் அனுப்பிவிடு. வேறொருவரின் செய்தியோடு மோதிக் கெட்டுப்போனால், எழுந்தமானமாகச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. ஆனால் எல்லாரும் நினைத்த நேரத்தில் பேசினால் மோதல்கள் பெருகும். கணித்துப் பார்த்தபோது, அந்த முறையில் அலைவழியின் நேரத்தில் உச்சமாக ஏறத்தாழ 18 வீதமே பயன்படும் என்று தெரியவந்தது. ஆகவே பின்வந்த வைஃபை ஒரு நல்ல பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. முதலில் காது கொடுத்துக் கேள், யாரும் பேசவில்லை என்றால் மட்டும் பேசு. நாம் மஜ்லிஸில் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் இது.

1993இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'வயர்லெஸ் அன்ட்ரூ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பேராசிரியர் அலெக்ஸ் ஹில்ஸ் வழிநடத்திய அந்தத் திட்டம், ஒரு முழு வளாகத்துக்கே கம்பியில்லா வலையமைப்பு அமைக்கலாம் என்று காட்டிய முன்னோடி. வைஃபைக்குரிய 802.11 என்ற நியமம் 1997இல்தான் வெளிவந்தது. அப்போது அதன் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 மெகாபிட் ஆனது. அதன் பின்னர் சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய தலைமுறை வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ஒரு பல்கலைக்கழகம் தன் வலையமைப்பை ஒருமுறை அமைத்துவிட்டு ஓய்ந்திருக்க முடிவதில்லை.

நமது நாட்டின் கதை

இலங்கையில் இந்தக் கதை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1990ஆம் ஆண்டளவில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று, கல்விசார் நிறுவனங்களுக்கிடையே ஒரு மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாக வளர்ந்தது. இன்று நமது அரச பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்றும் உலகத்தோடும் இணைப்பது அதுதான்.

லேர்ன் எங்கள் வீட்டுக்குள்ளும் ஒருமுறை வந்தது. 2020 ஒக்டோபரில் கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்டிருந்த நாட்களில், என் ராத்தா பல்கலைக்கழக மாணவி. வாப்பாவின் போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னலோரத்தில் அமர்ந்து விரிவுரை கேட்பார். அந்தக் காலத்தில் லேர்ன் வழியாக நடந்த சூம் விரிவுரைகளையும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களையும் டேட்டா கட்டணமின்றிப் பயன்படுத்தத் தொலைபேசி நிறுவனங்கள் வசதி செய்திருந்தன. வாப்பாவின் கடை மூடிக்கிடந்த மாதங்கள் அவை. அந்த வசதி இல்லாதிருந்தால் ராத்தா எத்தனை விரிவுரைகளைத் தவறவிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இணைப்பு என்பது படிப்போடு சேர்ந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அலையும் சுவரும்

இனிப் பாடத்துக்கு வருவோம். வைஃபை பெரும்பாலும் இரண்டு மீடிறன் பட்டைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் வரும் என்பதை உயர்தர மாணவிகள் அறிவீர்கள். முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீற்றர். இரண்டாவதன் அலைநீளம் 6 சென்டிமீற்றர். 2.4 அலை சுவர்களைக் கடந்து தூரம் போகும். ஆனால் அதற்குரிய இடம் மிக ஒடுக்கம். அதில் ஒன்றோடொன்று மோதாத அலைவழிகள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம். ஆனால் கொங்கிரீட் சுவர் அதை விரைவில் மறித்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. முன்னறையில் நின்று போனைப் பார்த்தால் பதினைந்துக்கு மேற்பட்ட வைஃபைப் பெயர்கள் வரிசையாக வரும். அத்தனை ரவுட்டர்களும் மூன்று அலைவழிகளுக்குள் நெருக்கிக்கொண்டு, ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்துக்கிடக்கின்றன. "சிக்னல் நிறைய இருக்கு, ஆனா ஓடுதில்ல" என்று வாப்பா சொல்வதன் காரணம் இதுதான். சிக்னல் பலமாக இருப்பது வேறு, பேச முறை கிடைப்பது வேறு.

இதே தவறு வளாகத்திலும் நடக்கும். வேகம் போதாதென்றால் பெட்டிகளைக் கூட்டினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் சேர், நூலகத்தில் ஒரே அலைவழியில் இயங்கிய இரண்டு அணுகு புள்ளிகளில் ஒன்றை அணைத்துக் காட்டினார். மற்றது முன்னரைவிட வேகமாக ஓடியது. பெட்டியின் எண்ணிக்கையை விட அது இருக்கும் இடமும், பேசும் அலைவழியும், அலையின் வலுவுமே முக்கியம் என்று அன்று புரிந்தது.

இன்னொன்றையும் அவர் கற்பித்தார். தூரத்திலிருக்கும் ஒரு போன் விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் பேசினால், 54 மெகாபிட்டில் பேசும் போனைவிட அதே செய்திக்கு ஏறத்தாழ 9 மடங்கு நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே மூலையில் இருப்பவரைக் கவனிக்காமல் விட்டால் நடுவில் இருப்பவருக்கும் நட்டம்தான்.

அளந்து பார்த்தல்

புதுப்பிக்கும் வேலை அளப்பதில் தொடங்குகிறது. சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். எண்கள் மறைப்பெறுமானமாக வரும். -67க்குக் கிட்ட இருந்தால் காணொளி விரிவுரை தடையின்றி ஓடும். -80ஐத் தாண்டினால் தடுமாறும். இது மடக்கை அளவீடு. ஆகவே 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்றாகும், 20 குறைந்தால் நூறில் ஒன்றாகும்.

"வெறும் மண்டபத்தை அளக்காதீங்க, பிள்ளைகள் நிறைஞ்ச மண்டபத்தை அளங்க" என்பது சேரின் கட்டளை. மனித உடலின் பெரும்பகுதி நீர், நீர் இந்த அலைகளை உறிஞ்சும். ஆகவே காலையில் வெறுமையாக இருக்கும்போது நன்றாக இருந்த மண்டபம், முந்நூறு பேர் அமர்ந்ததும் வேறு மண்டபமாகிவிடும்.

முதல் திட்டம் பழைய பெட்டியைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் பூட்டுவதாக இருந்தது. செலவு குறைவு, வேலை சுலபம். நான் பெண்கள் விடுதியில் இருப்பவள். இரவில் அங்கே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும். எங்கள் பகுதிக்கு இருந்த ஒரே அணுகு புள்ளி கீழ்த்தளத்தில், விடுதிப் பொறுப்பாளரின் அறைக்கு அருகே. அங்கு -66. மூன்றாம் மாடியின் கடைசி அறையில் -86. நூறில் ஒரு பங்கு. ஒப்படைகளைச் சமர்ப்பிக்க நள்ளிரவில் பிள்ளைகள் மாடிப்படிகளில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஆண் மாணவர்கள் விடுதியில் சிக்னல் இல்லாவிட்டால் எழுந்து நூலக முற்றத்துக்குப் போய்விடலாம். எங்களுக்கு மாலைக்குப் பின் வாயிற்கதவு மூடப்படும். அந்த விதி பிழை என்று நான் சொல்லவில்லை, பெற்றோர் நிம்மதியாக உறங்குவது அதனால்தான். ஆனால் கதவை மூடுபவர்கள் உள்ளே சிக்னலையும் தர வேண்டுமல்லவா?

நான்கு இரவுகள் ஒவ்வொரு மாடியாக நடந்து அளந்தேன். தோழியர் இருவர் உதவினார்கள். அறை இலக்கம், நேரம், எண், படிகளில் அமர்ந்திருந்தோர் தொகை என எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் குறித்தோம். கூட்டத்தில் அதை மேசைமேல் விரித்தபோது என் கை நடுங்கியது. ஒருவர், "விடுதி தூங்குற இடம்தானே?" என்று கேட்டார். நான் வாதாடவில்லை. இரவு பதினொரு மணிக்கு மாடிப்படிகளில் எண்ணிய தொகையைக் காட்டினேன்.

நிர்வாகக் கட்டடத்துக்கு ஒதுக்கியிருந்த பெட்டிகளில் சில விடுதிக்கு மாற்றப்பட்டன. உம்மா பார்த்த படம் அவற்றைப் பூட்டிய நாளில் எடுத்தது. இத்தகைய பெட்டிக்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை, தரவு போகும் வடத்திலேயே மின்னும் போகும். ஆனால் அந்தச் செப்பு வடத்தின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. இதனால் மூன்றாம் மாடியின் கிழக்கு மூலை இன்னும் காத்திருக்கிறது. பழைய போன்களை வைத்திருப்பவர்களுக்காக 2.4 பட்டையை நிறுத்திவிடாமல் வைத்திருக்கவும் கேட்டுக்கொண்டோம். புதிய போன் வாங்க வசதியுள்ளவருக்கு மட்டும் வேகம் கிடைத்தால் அது பாதி வேலைதான்.

ஒரு பெயர், நூறு நாடுகள்

புதிய வலையமைப்பில் 'எடுரோம்' என்ற பெயரும் தெரிகிறது. 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வீரங்கா முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது அது. இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இலங்கையில் அதை நடத்துவது லேர்ன். நான் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனால், அங்குள்ள எடுரோம் என் அடையாளத்தைக் கண்டு, "இவர் உங்கள் மாணவியா?" என்று என் பல்கலைக்கழகத்திடம் கேட்கும். ஆம் என்ற பதில் வந்தால் வழிவிடும். என் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது என் சொந்தப் பல்கலைக்கழகம் மட்டுமே. விருந்தாளிக்கு அவருடைய வீட்டார் பொறுப்பு நிற்பது போல.

தங்கைமாரே, இன்றே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். சிக்னலை அளக்கும் ஒரு செயலியைக் கொண்டு வீட்டின் மூன்று இடங்களில் எண்ணைக் குறியுங்கள். பிறகு ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில் உயரமாக வைத்து மீண்டும் அளவுங்கள். வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதி உங்கள் ஆசிரியையிடம் காட்டுங்கள். முறைப்பாடு சொல்வதைவிட அளந்து சொல்வது பலமானது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் துறைக்குப் பெண் பிள்ளைகளும் தேவை. இரவில் விடுதிக்குள் நடந்து அளக்க அந்தக் குழுவில் வேறு யாராலும் முடிந்திருக்காது.

உம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப அந்த மூலை அறைப் பிள்ளைகளுக்கு எப்ப போடுவீங்க?" என்றார். அடுத்த தவணையில், இன்ஷா அல்லாஹ். ஏணியை நானே பிடிப்பேன்.