ஊற்றாற்றில் ஒரு வேலை: பேடில் போர்டு கைடு ஆக விரும்புகிறவர்களுக்கு

துடுப்புப் போடத் தெரிந்தால் பாதி வேலை கைக்கு வந்த மாதிரி என்று நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவின் ஊற்றாறுகளில் பேடில் போர்டு கைடாக இருப்பவருக்குத் துடுப்பு கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு மனிதர்களைப் பார்த்துக்கொள்வது. பலகையில் நிற்கவே தெரியாத ஒரு குழுவை, கரையில் வெயில் காயும் முதலை தலைகூடத் திருப்பாதபடி ஆற்றின் போக்கில் கூட்டிப் போய்ச் சேர்க்க வேண்டும். வந்தவர்கள் நிறைந்த மனத்தோடு போக வேண்டும். ஆற்றில் வாழும் உயிர்களோ தாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டும் கூடிவந்தால் நீங்கள் நல்ல கைடு. ஒன்று மட்டும் நடந்தால் போதாது.

அமெரிக்காவில் வசிக்கும் தமிழ் இளைஞர்கள் சிலர், கணினி வேலைக்கு வெளியே ஏதாவது உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. இது அதில் ஒன்று. சம்பளத்தில் பெரிய வேலை இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் வேலை, பொறுப்பு மிகுந்த வேலை.

முதலில் ஆற்றைப் படியுங்கள்

ஃபுளோரிடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் கணக்கில் உள்ளன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளிலும் குகைகளிலும் தங்கி, வடிகட்டப்பட்டு, அழுத்தம் தள்ளும் இடத்தில் மேலே பீறிடுகிறது. முதல் தர ஊற்று என்றால் நொடிக்கு 2,800 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வர வேண்டும். ஒக்காலா நகரை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங்ஸும் டன்னெலனில் உள்ள ரெயின்போ ஸ்பிரிங்ஸும் அந்தத் தரத்தவை. தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலின் பருவகாலமே இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

காரணம் மனாட்டி. நம் பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவின் உறவினம் அது. வளர்ந்த மனாட்டி மூன்று மீட்டர் நீளம், ஐந்நூறு கிலோவை ஒட்டிய எடை. உடம்பு பெரிது, குளிர் மட்டும் தாங்காது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அதன் உயிருக்கே ஆபத்து. ஆகவே கடல் குளிரும்போது ஊற்றுகளைத் தேடி ஆற்றுக்குள் வருகிறது. நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை மனாட்டி சீசன்.

சில்வர் ஆறு, சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் ஓடி ஒக்லவாஹா ஆற்றில் கலக்கிறது. கண்ணாடி அடித்தளப் படகுச் சவாரி 1870களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. திரைப்படங்களின் நீரடிக் காட்சிகளும் இந்தத் தெளிந்த நீரில் எடுக்கப்பட்டிருக்கின்றன. விருந்தினர் இதையெல்லாம் கேட்பார்கள், தெரிந்திருங்கள். ஆனால் இந்த ஆற்றில் நம்மவர்கள் கட்டாயம் வியக்கப்போவது குரங்கைப் பார்த்துத்தான். 1930களில் படகுச் சவாரி நடத்திய ஒருவர், பயணிகளைக் கவர ரீசஸ் குரங்குகளைக் கொண்டுவந்து ஆற்றுத் தீவு ஒன்றில் விட்டார். வட இந்தியக் கோயில்களில் காணும் அதே இனம். குரங்குக்கு நீந்தத் தெரியாது என்று நம்பியிருந்தார் அவர். அவை நீந்திக் காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டன. ஆய்வாளர்கள் சோதித்தவற்றில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கு, மனிதனுக்கு உயிராபத்தான ஹெர்ப்பிஸ் பி கிருமி தொற்றியிருந்ததற்கான அடையாளம் ரத்தத்தில் கிடைத்தது. காட்டுக் குரங்குக்குத் தீனி போடுவது 2018 முதல் ஃபுளோரிடாவில் சட்டப்படி குற்றம். கிளை தாழ்ந்த இடத்தில் குரங்குக் கூட்டம் தெரிந்தால், பலகைகளை எதிர்க்கரைக்கு நகர்த்த வேண்டியது கைடின் கடமை. குழுவில் யாராவது வாழைப்பழத்தை வெளியே எடுக்கும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

சிபிஆரும் முதலுதவியும் இல்லாமல் விண்ணப்பிக்கவே வேண்டாம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் பயிற்சி பல ஊர்களில் கிடைக்கும். பயிற்றுநர் சான்றிதழுக்கு 1880-இல் தொடங்கிய அமெரிக்கன் கனூ அசோசியேஷன் நல்ல வழி; படிப்படியான நிலைகள் உண்டு, ஓடும் நீரில் மீட்புப் பயிற்சியும் சேர்ந்து வரும். உலகளவில் இன்டர்நேஷனல் சர்ஃபிங் அசோசியேஷனும் பேடில் போர்டு பயிற்றுநர்களை உருவாக்குகிறது. தமிழ்நாட்டில் இருந்தபடி கைபழக விரும்புகிறவர்களுக்குச் சென்னைக்குத் தெற்கே கோவளம் இருக்கிறது.

நான் இவற்றுக்கெல்லாம் மேலாக வைப்பது ஃபுளோரிடா பல்கலைக்கழகம் நடத்தும் மாஸ்டர் நேச்சுரலிஸ்ட் பயிற்சியை. பட்டதாரி ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நன்னீர்ச் சூழல் பாடத்தை முடித்தவர், இறக்கையை விரித்துக் காயும் அன்ஹிங்கா பறவையையும் ஆப்பிள் நத்தையைத் தேடும் லிம்ப்கினையும் காட்டும்போது அவர் குரலிலேயே ஒரு தெளிவு இருக்கும். அன்ஹிங்கா நம் வேடந்தாங்கல் பாம்புத்தாராவின் பேரினத்தைச் சேர்ந்தது. பாம்புத்தாராவைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது பாதி தெரிந்த பாடம்.

வேலை அனுமதியைச் சரிபார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. எஃப்-1 மாணவர்கள் முறையான அங்கீகாரம் இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்த்தால் படிப்பே போய்விடும். டிப்ஸ் மட்டும்தானே வாங்குகிறேன் என்ற சமாதானம் செல்லாது. ஓட்டுநர் உரிமமும் அவசியம். பயணம் ஆற்றின் மேல்முனையில் தொடங்கிக் கீழ்முனையில் முடியும். நடுவே பலகைகளை ஏற்றிய டிரெய்லரோடு வேனை யாராவது ஓட்டியாக வேண்டும். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்தான் ஓட்டுவார்.

முதல் இருபது நிமிடம்

கரையில் கொடுக்கும் அறிமுகப் பேச்சில்தான் அன்றைய பயணம் அமைகிறது அல்லது கெடுகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008-இல், அலைச்சறுக்கு, குளியல் பகுதிகளுக்கு வெளியே செல்லும் பேடில் போர்டைக் கலம் என்று அறிவித்தது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட், கூடவே ஒரு விசில். ஃபுளோரிடாவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்கள் பலகையில் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், நீச்சல் தெரியாதவர் ஒருவர் இருந்தால் எல்லோரையும் அணியச் சொல்லுங்கள். அப்போது அவர் தனித்துத் தெரிந்து கூச்சப்பட மாட்டார்.

ஆளைப் பலகையோடு இணைக்கும் லீஷ் கயிற்றின் விஷயத்தில் கண்டிப்பு தேவை. கடலில் பழகியவர்கள் கணுக்காலில் கட்டுவார்கள். சாய்ந்த மரங்கள் நிறைந்த ஆற்றில் அது ஆபத்து. பலகை மரத்துக்கு ஒரு பக்கமும் ஆள் மறுபக்கமும் போய் லீஷ் கிளையில் மாட்டிக்கொண்டால், நீரோட்டத்தை எதிர்த்துக் குனிந்து காலிலிருந்து அதை அவிழ்க்க யாராலும் முடியாது. இடுப்பில் கட்டி, ஓர் இழுப்பில் விடுபடும் வகையை மட்டும் கொடுங்கள். அந்த இழுப்பைக் கரையிலேயே ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிறகு நிற்கப் பழக்குவது. மண்டியிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். தண்ணீரில் சற்று நகர்ந்ததும், பலகையின் நடுவே உள்ள கைப்பிடிக்கு இருபுறமும் பாதங்களை வைத்து எழச் சொல்லுங்கள். கண் தொலைவில் இருக்க வேண்டும். வேறு ஆறுகளில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு: தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதால், ஏறியவர் நேர் கீழே மீனைப் பார்க்கிறார், தலை குனிந்ததும் சமநிலை போய் விழுகிறார். கீழே பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள் என்பதை முதல் விதியாகவே வையுங்கள். சில்வர் ஆற்றில் நீந்தத் தடை இருப்பதால், விழுந்தவரை உடனே பலகையில் ஏற்றும் பயிற்சி உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்: குழுவின் பின்னால் ஓர் உதவிக் கைடு, முன்னால் நீங்கள்.

நீரில் நடத்தும் முறை

மனாட்டி எங்கே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். நீர்ப்பரப்பைப் பாருங்கள். அது வாலை அசைத்து நகரும்போது மேலே வழுவழுப்பான வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சிற்றலையின் நடுவே சில நொடிகள் நின்று மறையும். வட்டங்களின் வரிசை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் அது போகிறது. குழுவை அந்த வரிசைக்கு வெளியே ஒதுக்கி, எல்லோரையும் மண்டியிட வைத்து, துடுப்புகளை மடிமேல் வைக்கச் சொல்லுங்கள். நீந்தும் மனாட்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும். மூக்கு மட்டும் தெரியும், ஒரு ஊதல் கேட்கும். அது தானே உங்கள் பக்கம் வந்தால் வரட்டும். நீங்கள் அதன் பக்கம் போகக் கூடாது, சூழக் கூடாது, தொடக் கூடாது, தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

இது நாகரிகத்துக்காகச் சொல்வது மட்டுமல்ல. 1978-இன் ஃபுளோரிடா மனாட்டிச் சட்டப்படி 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறை. கூட்டரசுச் சட்டப்படி 50,000 டாலர் வரை, ஓராண்டு வரை. 2017-இல் இந்த உயிரினத்தை ‘அழியும் நிலை’யிலிருந்து ‘ஆபத்து நிலை’க்கு மாற்றினார்கள். நான்கே ஆண்டில், 2021-இல், ஃபுளோரிடாவில் 1,100 மனாட்டிகள் இறந்தன. கிழக்குக் கரைக் காயலில் நீர்ப்புல் அழிந்து பட்டினியால் மடிந்தவை அவற்றில் ஏராளம்.

நீர்ப்புல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் அடியில் அலைபாயும் அந்தப் பச்சைப் புல்தான் மனாட்டிக்கு உணவு, மீன்குஞ்சுக்கு வீடு. ஆழமில்லாத இடத்தில் விருந்தினர் துடுப்பை அடியில் ஊன்றித் தள்ளுவார்கள், இறங்கி நின்று படம் எடுப்பார்கள். ஒவ்வொரு ஊன்றலிலும் வேர் பெயர்கிறது. மற்றோர் ஊற்றாறான வீக்கி வாச்சியில் இப்படி இறங்கி நின்றே கரைகளும் புல்லும் சிதைந்ததால், 2023-இல் அந்த ஆற்றின் பெரும்பகுதியில் படகையோ பலகையையோ கரையேற்றவும் நங்கூரமிடவும் தடை வந்தது. மக்களை அடக்கி நடத்தத் தவறினால் சட்டம் வந்து ஆற்றை மூடும். அன்றைக்கு உங்கள் வேலையும் போகும். ஆழமற்ற ஆற்றுக்குப் பலகையின் அடியில் குட்டை ஃபின் பொருத்துங்கள். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வருவதைவிட முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லி முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள்.

முதலைக்கு எதிரே கைடு வீரம் காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் தீனி போட்டுப் பழக்கப்பட்ட முதலைதான் மனிதனை நெருங்கும். தீனி போடுவது குற்றம் என்பதைச் சிரித்த முகத்தோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள். நாய் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கோடையில் பிற்பகல் இடிமழை அநேகமாக அன்றாடம் வரும். இடி கேட்டதும் கரை. கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருப்பு. பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்று தயங்கும் முதலாளியிடம் வேலைக்குச் சேராதீர்கள்.

ஆற்றின் குறையையும் பேசுங்கள்

சில கைடுகள் அழகை மட்டும் காட்டுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ஊற்றுகளுக்கு ஃபுளோரிடா வைத்திருக்கும் நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம். சில்வர் ஸ்பிரிங்ஸில் அது ஒன்றைத் தாண்டியிருக்கிறது. புல்வெளிக்கும் வயலுக்கும் போடும் உரம், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி, கால்நடைச் சாணம் எல்லாம் மணல் வழியே இறங்கி ஊற்றில் வருகின்றன; நூல் போன்ற பாசி புல்லை மூடுகிறது. அந்தப் பாசியைக் கையில் எடுத்துக் காட்டி ஒரு நிமிடம் பேசினால் விருந்தினர் கேட்பார்கள். ஆர்லாண்டோவிலோ டாம்பாவிலோ அவர்களுக்கும் ஒரு புல்வெளி இருக்கும். ஒரு நிமிடம் போதும். மூன்று மணி நேரமும் பேசிக்கொண்டிருக்கும் கைடை யாரும் விரும்புவதில்லை, நீர்நாயும் வெளியே வராது.

வருமானம்

ஃபுளோரிடாவின் குறைந்தபட்சக் கூலி 2025 செப்டம்பர் 30 முதல் மணிக்கு 14 டாலர், 2026 செப்டம்பர் 30 முதல் 15. டிப்ஸ் வாங்கும் பணியாளருக்குச் சட்டம் 3.02 டாலர் குறைத்துக் கொடுக்க இடமளிக்கிறது. ஆகவே நேர்காணலில் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: அடிப்படைக் கூலி எவ்வளவு? என்னை ஊழியராக வைக்கிறீர்களா, ஒப்பந்தக்காரராகவா? ஒப்பந்தக்காரர் என்றால் வரியும் காப்பீடும் உங்கள் தலையில். பூங்காவிலோ சரணாலயத்திலோ தொழில் நடத்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் காகிதத்தில் பாருங்கள். அனுமதியில்லாத நிறுவனத்தில் சேர்ந்தால் பிடிபடும்போது ஆற்றில் நிற்பது நீங்கள்தான்.

மழை, புயல், பள்ளி விடுமுறை என்று வருமானம் ஏறி இறங்கும். முதல் ஆண்டில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தொடர்ந்து இருப்பவர்கள் தலைமைக் கைடு ஆகிறார்கள், கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம் எடுத்து மோட்டார் படகுப் பயணங்களுக்குப் போகிறார்கள், அல்லது பூங்காத் துறைக்கு மாறுகிறார்கள். மாநிலப் பூங்கா வேலைக்கு, ஆற்றில் கழித்த ஒரு சீசன் நல்ல சிபாரிசு.

மனாட்டி சீசனுக்கு ஆள் எடுப்பது அதற்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். நவம்பரில் தண்ணீரில் இருக்க விரும்புகிறவர்கள் கோடையிலேயே சிபிஆர் அட்டையை வாங்கி, ஆகஸ்டில் விண்ணப்பம் போடுங்கள். அதற்கு முன் ஒருமுறை காசு கொடுத்து விருந்தினராகவே அந்த நிறுவனத்தின் பயணத்தில் போய்ப் பாருங்கள். அவர்களுடைய கைடு மனாட்டியைக் கண்டதும் துடுப்பை மடியில் வைக்கிறாரா, துரத்துகிறாரா என்பது தெரிந்துவிடும். துரத்துகிறவரிடம் வேலை கேட்காதீர்கள்.