விதைக்காரன் என்று சொல்லிப் பழகியது

எங்கள் பூதலூர்ப் பக்கம் விவசாயியின் வருஷத்தை அவன் தீர்மானிப்பதில்லை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பா மட்டும். 2012லிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. தண்ணீர் கல்லணைக்கு வந்து, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் விட்டு, எங்கள் வாய்க்காலுக்கு முறை வரும்போது நாற்று விடுவோம். அறுவடை மெஷின் கிடைக்கிற அன்றைக்கு அறுப்பு. விலையை அரசாங்கம் சொல்லும். டி.பி.சி. என்கிற அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, எடை போடும்வரை பக்கத்திலேயே காவல் கிடப்போம். வருஷா வருஷம் இப்படியே போனால், தன்னைப் பற்றி ஒருவனுக்கு ஒரு எண்ணம் ஊறிவிடும்: வருவதை வாங்கிக்கொள்கிறவன் நான்.

டெல்டாக்காரன் சோம்பேறி என்று மானாவாரிப் பக்கத்து ஆட்கள் சொல்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். உழைப்பில் குறைவில்லை. அந்த உழைப்பு எதுவரை போகலாம் என்று நாமே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம், அதுதான் சங்கதி.

நானும் அந்தக் கோட்டுக்குள் பல வருஷம் நிம்மதியாகவே இருந்தேன். அப்பா போட்ட அதே ஆயிரத்தொன்பது நெல், அதே வயல், ஏறக்குறைய அதே மகசூல். பிள்ளைகள் படிப்புக்குப் பணம் கட்டியாயிற்று, சொசைட்டிக் கடனும் கைமீறவில்லை. கஷ்டம் வந்தால் மனுஷன் எழுந்து ஓடுவான். பாதி சௌகரியம் வந்தால் உட்கார்ந்துவிடுவான். கேட்டால் ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்போம். அந்தப் பழமொழி பொருளாசைக்குச் சொன்னது. கைத்தொழிலில் தேர்ச்சி பெறுவதற்கு ‘போதும்’ என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால் இந்த மண்ணில் எத்தனையோ நல்ல கைகள் பாதியில் நின்றுவிட்டன. எனக்கு அது பெரிய வருத்தம்.

தன்னைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்வதில் எனக்கு வழிகாட்டியவர் இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார். அவர் பிறந்த இளங்காடு எங்களுக்கு வடக்கே, திருக்காட்டுப்பள்ளி பக்கம். பிறந்தது 1938. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார், 1969இல் விட்டுவிட்டார். அரசாங்க வேலையை விட்டதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவன் என்ற நினைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விவசாயியிடம் கற்றுக்கொள்ள வந்தவன் என்று தன்னை வைத்துக்கொண்டார். பேச்சு, உடை, சாப்பாடு, ஊர் ஊராக நடந்த நடை எல்லாம் அதற்கேற்ப மாறின. 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானபோதும், டெல்டாவின் மீத்தேன் எரிவாயுத் திட்டத்துக்கு எதிரான வேலையாகத்தான் அங்கே போயிருந்தார்.

அவரோடு 2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தவர்களில் ஒருவர் கட்டிமேடு ஜெயராமன். ‘நெல்’ ஜெயராமன் என்று பெயர் வைத்தவரும் நம்மாழ்வார்தான். 2006இலிருந்து ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதையைக் கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்குவார். 2018 டிசம்பரில் காலமாவதற்குள் 174 ரகங்களை மீட்டுவிட்டார். ‘நெல்’ என்று ஊரே கூப்பிடும்போது அதற்குக் குறைவாக ஒருவரால் வாழ முடியாது. உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்களோடு பழகுகிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

தன்னைப் பற்றிய எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதை வெளிநாட்டிலும் ஒருவர் கவனித்திருக்கிறார். அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் இருந்தார். முகத்தைச் சரிசெய்த பிறகும் சிலர் தங்களை அவலட்சணமாகவே நினைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, 1960இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். புதிய முகத்துக்குப் பழக இருபத்தொரு நாளாவது ஆகிறது என்று அதில் சொன்னது பிற்பாடு, ‘இருபத்தொரு நாளில் பழக்கம் வரும்’ என்று திரிந்துவிட்டது. அதை நம்பிப் பலர் இருபத்திரண்டாம் நாள் மனம் விட்டுப்போகிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. 66 நாளில் 110 நாள் குறுவைப் பயிர்கூடக் கதிர் தள்ளாது. நமக்கு இது தெரியாத கணக்கா?

எனக்கு மாற்றம் வந்தது விதையில். வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி விதை அலுவலர் அம்மா ஒருநாள், “அய்யா, இவ்ளோ சுத்தமா வயல் வெச்சிருக்கீங்க, விதைப்பண்ணை போடலாமே” என்றார். நெல் போடுகிற நமக்கு விதை எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ‘நமக்கு எதற்கு’ என்பதைக் கவனியுங்கள். செய்ய முடியுமா முடியாதா என்று நான் யோசிக்கவே இல்லை. அது என்னைப் போன்ற ஆள் செய்கிற வேலை இல்லை என்று மனசு அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்களுக்கும் ஏதாவது ஒரு காரியத்தில் இந்தத் தீர்ப்பு வந்திருக்கும். அதை அடையாளம் கண்டுகொள்வதே பாதி வேலை.

வெள்ளை அட்டை போட்ட ஆதார விதையை வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடவு. பூக்கிற நேரத்தில் கலவன் பிடுங்க வேண்டும். வெயில் முதுகுப் பக்கம் விழுகிற மாதிரி காலையில் பட்டத்துக்குள் இறங்கி மெதுவாக நடந்தால், பச்சைக்குள் பச்சையாக ஒளிந்திருக்கிற வேற்று ரகம் கண்ணில் படும். ஒரு சாண் உயரமாக இருக்கும், கண்ணாடி இலை வேறு கோணத்தில் நிற்கும், இல்லையென்றால் மணியின் நுனியில் மீசை இருக்கும். தூரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போட வேண்டும். சான்று விதை வயலில் கலவன் ஆயிரத்துக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாது. அத்தனை வருஷம் பார்த்த வயலை அந்தக் காலைகளில்தான் ஒவ்வொரு பயிராகப் பார்த்தேன். விதைக்காரனாக நடக்க ஆரம்பித்தபோது கண் மாறியது, கண் மாறியதும் மற்றதெல்லாம் பின்னால் வந்தது.

கண்ணாடி முன் நின்று ‘நான் சாதிப்பேன்’ என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. தன்னைப் பற்றிய எண்ணம் சாட்சியம் கேட்கும். தினம் ஒரு சின்னச் சாட்சியமாவது கொடுக்க வேண்டும். நான் தினசரிக் காலண்டர் தாளில் அன்றைக்குச் செய்த விதை வேலையை ஒரு வரி எழுதுவேன். ஈரச் சாக்கில் நூறு நெல் சுற்றி வைத்து எத்தனை முளைத்தது என்று எண்ணியது, காயவைத்த மணியைக் கடித்து ஈரம் பார்த்தது, அவ்வளவுதான். முளைப்பு 80க்குக் குறையக்கூடாது, ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எண்ணிக்கையாக இலக்கு இருந்தது பெரிய உதவி. ‘நன்றாகச் செய்ய வேண்டும்’ என்ற இலக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் எங்கும் போனதில்லை.

உங்களைப் பழைய ஆளாகவே வைத்திருக்க விரும்புகிறவர்கள் உங்களிடம் பிரியமானவர்களாகவும் இருப்பார்கள். “ஏன்டாப்பா, நட்டமா அறுத்தமான்னு இல்லாம உனக்கெதுக்கு இந்த வேலை?” என்று என் சித்தப்பா கேட்டார். அவரோடு வாதாடவில்லை. “சரிங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். இது எந்த வேலைக்கும் பொருந்தும்: விளக்கம் சொல்லிச் சொல்லியே தெம்பு போய்விடும், நாற்பது வயதுக்கு மேல் அதை வீணாக்கக்கூடாது.

ரயில்வே ஸ்டேஷனில் தஞ்சாவூர் வண்டிக்கு நிற்கும்போது யாராவது ‘என்ன பண்றீங்க’ என்று கேட்டால், இப்போது ‘விதை உற்பத்தி பண்றேன்’ என்கிறேன். முதல் முறை சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு, அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டியதாயிற்று.

மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை தைத்து, அதை இன்னொரு ஊர் விவசாயி தோளில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பணம் கொஞ்சம் கூடுதலாக வந்தது உண்மை. அதைவிட, இப்போது மேட்டூர் திறக்கத் தாமதமானால் ‘என்ன செய்வார்களோ’ என்று நான் கேட்பதில்லை, ‘என்ன செய்யலாம்’ என்று கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. விதைப்பண்ணை போட நினைத்தால் சம்பா நாற்று விடும் முன்பே ஆதார விதைக்கு விரிவாக்க மையத்தில் சொல்லி வையுங்கள். விதைப்பு அறிக்கையை விதைத்த 35 நாளுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாள் முன்னதாக, எது முந்தியோ அதற்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த அறிக்கையில் உற்பத்தியாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.