மணலின் வழியும் துறைகளின் எல்லையும்

அரசின் பணிகளைச் செம்மைப்படுத்துவது எங்ஙனம் என்று வினவினால், துறைதோறும் திறமை பெருகவேண்டும் என்பதே பெரும்பாலோர் கூறும் விடையாகும். துறைமுகத் துறை துறைமுகத்தை நன்கு நடத்தட்டும். பொதுப்பணித் துறை கரையைக் காக்கட்டும். மீன்வளத் துறை மீனவர் நலம் பேணட்டும். ஒவ்வொன்றும் செவ்வனே இயங்கினால் நாடும் செவ்வனே இயங்கும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் முழுதும் பொருந்தாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு அறிஞர் சிலர் வலியுறுத்தி வந்துள்ளனர். அமெரிக்க நாட்டு அறிஞர்களான ஜே ஃபாரஸ்டர், ரஸ்ஸல் அக்காஃப் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். உறுப்புகளைத் தனித்தனியே திருத்துவதால் முழுமை திருந்திவிடாது. உறுப்புகளுக்கிடையே உள்ள தொடர்பையே முதற்கண் ஆராயவேண்டும் என்பது இவர்தம் கொள்கையின் சாரம். இதனை நாம் ‘அமைப்பு நோக்கு’ எனக் குறிக்கலாம்.

கொள்கையை நூலில் கற்பதினும் கண்முன் காண்பது எளிது. அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரையே போதும்.

நெய்தல் நிலத்தைப் பாடத்தில் பயிலும் மாணவர்க்கு மணல் என்பது கடலின் ஓரத்தில் கிடக்கும் ஒரு பொருளாகவே தோன்றும். உண்மையில் அது ஓடும் பொருள். தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையை மோதி, மணலைச் சிறிது சிறிதாக வடக்கே தள்ளிச் செல்கின்றன. வாடைக் காலத்தில் அதன் போக்கு தெற்கு நோக்கித் திரும்புகிறது. முன்னது நீண்ட காலம், பின்னது குறுகிய காலம். ஆதலின் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், பல இலட்சம் கன மீட்டர் மணல் சோழமண்டலக் கரையோரமாக வடக்கே சென்றிருக்கும். கரை என்று நாம் காண்பது, வரவும் செலவும் ஒத்திருக்கும் ஒரு கணக்கே.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1866-ஆம் ஆண்டில் இங்கு இரும்புத் தூண்களின்மேல் ஒரு கடற்பாலம் அமைக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தபின், அதற்குத் தெற்கே வேறொரு பாலம் எழுந்தது. அதன் ஒரு பகுதியும் 2022-இல் இடிந்து வீழ்ந்தது. இப்பாலங்களைப் பற்றி ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இவை தூண்களின்மேல் நின்றவை. தூண்களின் இடையே நீரும் மணலும் தம் போக்கில் சென்றன. கப்பலுக்கு வழி செய்தவர்கள் மணலின் வழியை மறிக்கவில்லை. அறிந்து செய்தார்களோ, அக்காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவே இடங்கொடுத்ததோ, பயன் ஒன்றே.

1986 முதல் 1989 வரையிலான ஆண்டுகளில் அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் புதிய துறைமுகம் கட்டப்பட்டது. (உரோமரோடு வாணிகம் நடந்த அரிக்கமேடு இதே ஆற்றின் கரையில் உள்ளது, 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். இடத்தேர்வில் முன்னோரும் இன்னோரும் ஒத்தே சிந்தித்துள்ளனர் எனலாம்.) வாயிலைக் காக்கக் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் தென்சுவரில் முட்டி அங்கேயே குவிந்தது. வடக்கே நகரக் கரைக்கு வரவேண்டிய வரவு நின்றது. செலவோ நிற்கவில்லை. அலைகள் நகரத்தின் முன்னிருந்த மணலை வழக்கம்போல் வடக்கே கொண்டுசென்றன. சில ஆண்டுகளில் நகரின் மணற்கரை மறைந்துபோயிற்று.

சாலையையும் கட்டடங்களையும் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. கல்லரண் பின்னிருந்த நிலத்தைக் காத்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் அரண் முடியும் இடத்தில் அரிப்புத் தொடங்கிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என அரிப்பு வடக்கே நகர, அதன் பின்னே கல்லும் நகர்ந்தது. பின்னர் அது மாநில எல்லையையும் கடந்தது. கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி போன்ற தமிழகக் கடலோர ஊர்களில் மக்கள் தம் வீடுகளைக் கடலுக்குப் பறிகொடுத்தனர்.

மீனவர்க்குக் கரை என்பது காட்சிப்பொருள் அன்று, பணியிடம். படகை ஏற்றி நிறுத்துவதும், வலையை உலர்த்திப் பழுது பார்ப்பதும், பெண்கள் மீனைக் காயவைத்துக் கருவாடு ஆக்குவதும் அம்மணலில்தான். கரைவலை இழுப்பதற்கோ மணற்கரை இன்றியமையாதது. பாறை அடுக்கிய கரையில் இவற்றுள் எதுவும் இயலாது. அரண் கட்டியதால் ஊர் காக்கப்பட்டது என ஏட்டில் எழுதப்படும். ஊரார் தொழில் இழந்தது அவ்வேட்டில் இடம்பெறுவதில்லை.

இனி, துறைகளின் நிலையை நோக்குவோம். துறைமுக வாயிலில் மணல் அடைத்துப் படகுகள் தரைதட்டும்போது, தூர்வாரப் பணம் வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுகிறது. வடக்கே மணல் இல்லாமையால் கல் வாங்கப் பணம் வேண்டும் என்று மற்றொரு கோரிக்கை எழுகிறது. வீடிழந்தோர்க்கு நிவாரணம் வழங்க வேறொரு கோப்பு. மிகுந்துவிட்டது என்று ஓரிடத்திலும், இல்லை என்று மற்றோரிடத்திலும் முறையிடப்படுவது ஒரே மணல்! ஒவ்வோர் அலுவலரும் தம் கடமையைச் சரியாகவே செய்திருக்கலாம். தவறு ஒருவரிடமும் இல்லாமல் கேடு மட்டும் விளையக்கூடும் என்பதே அமைப்பு நோக்கு நமக்குக் காட்டும் கசப்பான உண்மை.

இது முன்னரே அறியப்படாததும் அன்று. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வடக்கே, 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுப்பப்பட்டபோது, தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதி அரிபட்டது. கிழக்கு நோக்கிய வாயிலை மணல் தூர்க்கவே, பின்னர் வடகிழக்கில் புதுவாயில் அமைக்க நேர்ந்தது. ஆகவே புதுச்சேரித் துறைமுகத்தைத் திட்டமிட்டோர், தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு தேவை என்பதை உணர்ந்தே இருந்தனர். ஆனால் அவ்வேலை இடையறாது நடைபெறவில்லை.

ஏன் நடைபெறவில்லை என்பதே ஆராயவேண்டிய இடம். சுவர் கட்டுவது ஒருமுறை செய்யும் செலவு. அதற்கு அடிக்கல் உண்டு, திறப்புவிழா உண்டு. மணல் கடத்துவதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணி. அதற்கு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. செய்தால் எவர் கண்ணிலும் படாது. செய்யாவிட்டாலும் உடனே தெரியாது. தீங்கு சில ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், வேறொரு துறையின் கணக்கில் தலைகாட்டும். காரணமும் விளைவும் காலத்தாலும் இடத்தாலும் இவ்வாறு விலகி நிற்கும்போது, பொறுப்பு நடுவே எங்கோ நழுவிவிடுகிறது.

2018-ஆம் ஆண்டளவில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பின்படி, தலைமைச் செயலகத்தின் அருகே கடலடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அலையின் வேகம் தணிந்து, கற்களின் முன்னே மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. காந்தி சிலை அருகே சிறுவர்கள் மணலில் ஓடியாடுவதைக் கண்டு முதியோர் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் நகரின் முன்னே தங்கும் மணல் வடக்கூர்களுக்குச் செல்லவேண்டிய மணலே என்பதையும் மறத்தலாகாது. மேலிருந்து வரவு பெருகினாலன்றி, ஒரு கரையின் ஆதாயம் மற்றொரு கரையின் இழப்பாக மாறக்கூடும்.

அமைப்பு நோக்கைக் குறைகூறுவோர், ‘எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்றால் எதைத்தான் செய்வது?’ எனக் கேட்பர். வினா நியாயமானதே. எல்லாவற்றையும் ஆராய வேண்டியதில்லை. ஓடும் பொருள் எதுவோ அதன் வழியைத் தொடர்ந்து சென்று, அது முடியும் இடத்தில் எல்லை வரைந்தால் போதும். மணலுக்கு அவ்வெல்லை துறையின் எல்லையன்று, ஆட்சிப்பகுதியின் எல்லையும் அன்று. ஆகவே புதுச்சேரியும் தமிழகமும் கூடி ஒரே மணல் கணக்கு வைத்தல் வேண்டும். மணல் கடத்தும் செலவைத் தனித் திட்டமாகக் கருதாமல், துறைமுகத்தின் மின்கட்டணம்போல் ஆண்டுச் செலவிலேயே சேர்த்தல் வேண்டும். கரை எத்தனை அடி ஏறிற்று, இறங்கிற்று என்பதை நாள்தோறும் காண்பவர்கள் மீனவப் பஞ்சாயத்தார். அவர்தம் சொல் நிவாரண மனுவாக மட்டும் அன்றி, அளவீடாகவும் ஏற்கப்படவேண்டும் என்பது நம் கருத்து.

மாணவர்கள் செய்துபார்க்க ஒரு பயிற்சி உண்டு. துறைமுக வாயிலுக்குத் தெற்கே தொடங்கித் தந்திராயன்குப்பம் வரையுள்ள கரை, ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடக்கூடிய தொலைவே. வழியில் நான்கைந்து இடங்களில் நின்று, மணலின் அகலத்தைக் குறித்துக்கொள்க. அவ்விடத்துப் பெரியவர் ஒருவரிடம், 1989-க்கு முன் நீர் எதுவரை நின்றது என்று கேட்டு அதனையும் எழுதுக. பின்னர் அக்குறிப்பைக் கொண்டு, அவ்விடத்து மணலுக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்று விசாரித்து, கிடைக்கும் விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வருக.