டிடிஹெச் டிஷ்ஷுக்கு லிமிட் இல்லை, நெட் டிஷ்ஷுக்கு மட்டும் ஏன்?

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனதும் நெட் இல்லாம முழிக்கிற நண்பர்கள் உங்க கிளாஸ்லயும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. கோவில்பட்டியைத் தாண்டி கரிசல் காட்டுக்குள்ள போனா சில இடங்களில் ஃபைபர் வந்திருக்காது, டவர் சிக்னலும் ஒரு கோடுதான். "சாட்டிலைட் நெட் போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சுதா?" என்பதுதான் அவங்க கேள்வி. ஃபார்ம் நிரப்ப, மெயில் பாக்க, ரிசல்ட் பாக்க அது போதும். வீடியோன்னு வந்தா மட்டும் காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பார்க்கணும். அதை இங்கே சேர்ந்தே போடுவோம்.

ரெண்டு டிஷ், ரெண்டு வேலை

வீட்டுல டிடிஹெச் டிஷ் நாள் முழுக்க ஓடுது, யாரும் ஜிபி கணக்கு கேக்குறதில்லை. காரணம், அது ஒலிபரப்பு. செயற்கைக்கோள் ஒரு தடவை அனுப்பும் ஒரே சிக்னலை ஒரு லட்சம் வீடு பார்த்தாலும் ஒரு கோடி வீடு பார்த்தாலும் அதுக்குச் செலவு ஒண்ணுதான்.

நெட் டிஷ் அப்படி இல்லை. நீங்க ஒரு வீடியோவைத் தட்டினா அது உங்களுக்குன்னு தனியா வருது. பக்கத்து வீட்டுத் தம்பி அதே வீடியோவைத் தட்டினா இன்னொரு தடவை வருது. பார்ப்பவர் கூடக் கூட அலைவரிசை கரையும்.

ஒரு பீமுக்கு எத்தனை பேர்?

இஸ்ரோவின் ஜிசாட்-11 செயற்கைக்கோள் 2018 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. எடை 5,854 கிலோ. மொத்தக் கொள்ளளவு 16 ஜிபிபிஎஸ், பயனாளர்களுக்கு 32 பீம்கள். இதையும் ஜிசாட்-29ஐயும் வைத்துத்தான் ஹியூஸ் கம்யூனிகேஷன்ஸ் இந்தியா 2022 செப்டம்பரில் தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது.

16ஐ 32ஆல் வகுத்தா ஒரு பீமுக்குச் சராசரி 0.5 ஜிபிபிஎஸ், அதாவது 500 எம்பிபிஎஸ். 1080பி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் வெச்சுக்குவோம். 500 வகுத்தல் 5 = 100. பல மாவட்டங்களை மூடும் ஒரு பீமில், ஒரே நேரத்தில் நூறு பேர் எச்டி படம் பார்த்தா கொள்ளளவு காலி!

ஒப்பிட்டுப் பாருங்க: ஜிபான் ஃபைபரில் ஒரே ஒரு போர்ட் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் தரும். அதைப் பொதுவா 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்குது. ஒரு தெருவுக்குப் போகும் கண்ணாடி இழையில் ஒரு பீமை விட ஐந்து மடங்கு இடம் இருக்கு. சாட்டிலைட் ப்ளானில் டேட்டா லிமிட்டும், அது தாண்டினா வேகக் குறைப்பும் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

100 ஜிபி எத்தனை மணி நேரம்?

5 எம்பிபிஎஸ்ஸை 3,600 நொடியால் பெருக்கி 8ஆல் வகுத்தா மணிக்கு 2.25 ஜிபி. உதாரணத்துக்கு மாதம் 100 ஜிபி ப்ளான்னு எடுத்துக்குவோம்:

- 4கே (15 எம்பிபிஎஸ்): சுமார் 15 மணி நேரம்
- 1080பி (5 எம்பிபிஎஸ்): சுமார் 44 மணி நேரம்
- 480பி (1 எம்பிபிஎஸ்): சுமார் 222 மணி நேரம்

நாலு மணி நேர கிரிக்கெட் மேட்ச் ஒண்ணை எச்டியில் பார்த்தா 9 ஜிபி போச்சு. அதே மேட்ச் 480பியில் 2 ஜிபிக்குள்ள முடியும்.

தாமதம் பத்தியும் ஒரு வார்த்தை. ஜிசாட்-11 இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். கேள்வி மேலே போய் இறங்கி, பதில் மேலே போய் இறங்க ஒளிக்கே கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். ஸ்ட்ரீமிங்குக்கு இது பெரிய தொந்தரவு இல்லை, பஃபர் சமாளிச்சுடும். ஆன்லைன் கேமும் வீடியோ காலும்தான் அடிபடும்.

தாழப் பறப்பவை வந்தா?

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை. அதனால தாமதம் வெகுவாகக் குறையும். அந்த நிறுவனத்துக்கு 2025 ஜூனில் மத்திய அரசின் உரிமம் கிடைத்தது. ஆனா இந்தியாவில் 20 லட்சம் இணைப்புகள் வரைதான் தர முடியும் என்று மத்திய இணை அமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் ஜூலையில் சொன்னார். உயரம் குறைஞ்சாலும் அலைவரிசையைப் பங்கு போடுறது மாறாது.

கரிசலில் கவனிக்க

நம்ம மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமா வெடிக்கும். அதில் நட்ட கம்பம் மெல்லச் சாயும். ஒரு மீட்டர் டிஷ்ஷின் பார்வைக் கோணம் ரெண்டு டிகிரிக்கும் குறைவு. கொஞ்சம் சாய்ந்தாலே சிக்னல் இறங்கும், வேகமும் இறங்கும். அதனால டிஷ்ஷைக் கான்கிரீட் தளத்தில் மாட்டச் சொல்லுங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிக்னல் தடுமாறும். முக்கியமான பாடத்தை அதுக்கு முன்னாடியே இறக்கி வெச்சுக்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

1. லிமிட் எத்தனை ஜிபி, தாண்டினா வேகம் எவ்வளவு என்று கேளுங்க. 2 எம்பிபிஎஸ் கிடைச்சா 480பி ஓடும்.
2. ஆப்பில் ரெசல்யூஷனை 480பியில் நிறுத்துங்க, ஆட்டோபிளேயை அணையுங்க.
3. 30 மணி நேர என்பிடெல் பாடம் 480பியில் 13.5 ஜிபி. அஞ்சு நண்பர்கள் தனித்தனியா பார்த்தா 67.5 ஜிபி. ஒருத்தர் இறக்கிப் பென்டிரைவில் கொடுத்தா மீதி 54 ஜிபி மிச்சம்.
4. வீட்டு டிவிக்கு டிடிஹெச்சே போதும். ஸ்வயம் பிரபா சேனல்களும் அதில் வருது.

வீட்டுப்பாடம்: 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2வின் கொள்ளளவு 48 ஜிபிபிஎஸ், 32 பீம்கள். ஒரு பீமில் 2,000 இணைப்புகள் இருந்து, ராத்திரி 9 மணிக்குப் பாதி வீடுகள் வீடியோ போட்டா, ஒரு வீட்டுக்கு எத்தனை எம்பிபிஎஸ் வரும்? அதில் எந்த ரெசல்யூஷன் ஓடும்? கணக்கு போட்டுட்டு, ஊருல டிஷ் வாங்க யோசிக்கிற நண்பருக்கும் அனுப்பிடுங்க.