பச்சை என்றால் பாதுகாப்பா? கஞ்சா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

“பச்சையாச் சாப்பிட்டா அது வெறும் கீரைதான் சார், கொளுத்தினாத்தான் கஞ்சா.” யூடியூப் மூலிகை நிபுணர் முதல் பாங்காக் போய்வந்த பக்கத்து வீட்டுப் பையன் வரை இப்படிச் சொல்ல ஆள் இருக்கிறது. இதற்குப் பின்னால் கொஞ்சம் வேதியியல் இருப்பது நிஜம். ஆனால் அது தருகிற சலுகை, சொல்கிறவர்கள் நினைப்பதைவிட ரொம்பச் சின்னது.

நம்பிக்கை 1: செடிக்குள்ளேயே போதைப்பொருள் தயாராக இருக்கிறது.

உண்மை: பெரும்பாலும் இல்லை. பெண் பூவின் மேல் பிசுபிசுக்கும் நுண்ணிய சுரப்பிகளில் செடி உண்டாக்குவது டிஎச்சிஏ என்கிற அமிலத்தை. போதை தருகிற டிஎச்சிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அமிலத்தில் கூடுதலாக ஒட்டியிருக்கும் ஒரு கார்பாக்சில் தொகுதி. அது இருக்கும்வரை மூளையின் சிபி1 ஏற்பியில் இந்த மூலக்கூறு சரியாகப் பொருந்துவதில்லை. சூடு பட்டால் அந்தத் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும், மிஞ்சுவது டிஎச்சி. புகைக்கும்போது கனலும் நுனியில் இது நொடியில் நடந்து முடிகிறது.

இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் 1964இல் டிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அவர்களுக்கு ஆய்வுக்குக் கிடைத்த சரக்கு, போலீஸ் பறிமுதல் செய்துவைத்திருந்த லெபனான் ஹஷீஷ். அடுத்த ஆண்டே ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஹஷீஷிலிருந்து அமில வடிவத்தையும் பிரித்துக் காட்டினார்கள்.

நம்பிக்கை 2: அடுப்பில் வைக்காதவரை போதை ஏறாது.

உண்மை: அடுப்பு இந்த மாற்றத்தை வேகப்படுத்துகிறது; அடுப்பே இல்லாமலும் அது நடக்கும். செடியைப் பறித்து உலர்த்தும்போதும், வெளிச்சத்திலும் வெக்கையிலும் மாதக்கணக்கில் வைத்திருக்கும்போதும், அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக டிஎச்சியாகிக்கொண்டே இருக்கும். அன்று பறித்த இலையிலும் சிறிதளவு டிஎச்சி உண்டு. இன்னும் பழசானால் டிஎச்சியும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, போதை குறைந்த சிபிஎன் என்ற பொருளாகும்.

வாரணாசியின் பாங்கு இதற்கு நல்ல உதாரணம். இலையை உலர்த்தி, ஊறவைத்து, அம்மியில் விழுதாக அரைத்து, பால், பாதாம், மிளகு, சோம்பு சேர்த்துக் கலக்குகிறார்கள். யாரும் கொளுத்துவதில்லை, ஆனாலும் குடித்தவருக்குத் தலை சுற்றுகிறது. உலர்ந்தபோதே கொஞ்சம் மாறிய டிஎச்சி, பாலின் கொழுப்பில் கரைந்து உள்ளே போகிறது. ஆயுர்வேதத்தில் விஜயா எனப்படும் இதே இலையைப் பாலில் வேகவைத்து, நெய்யில் வதக்கிச் சுத்தி செய்யும் முறை உண்டு. சுத்தி செய்ததால் போதை போய்விட்டது என்று யாராவது எண்ணினால், வேதியியல் நேரெதிராகச் சொல்கிறது. அந்தச் சூடுதான் அமிலத்தை டிஎச்சியாக்குகிறது.

நம்பிக்கை 3: புகைப்பதைவிடச் சாப்பிடுவது லேசானது.

உண்மை: சூடு காட்டிய கஞ்சாவைத் தின்றால் டிஎச்சி முதலில் ஈரலுக்குப் போய், 11-ஹைட்ராக்ஸி-டிஎச்சி என்ற வீரியமான பொருளாகவும் மாறுகிறது. புகையில் சில நிமிடங்களில் தெரிவது, தின்றால் அரை மணி முதல் 2 மணி நேரம் வரை தெரியாது. ‘ஒண்ணுமே ஆகலையே’ என்று இன்னொரு உருண்டையை வாயில் போட்டுக்கொள்பவர்தான் இரவு பதற்றத்தோடும் படபடப்போடும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்.

நம்பிக்கை 4: ஆய்வகச் சான்றிதழில் டிஎச்சி குறைவு என்றிருந்தால் சரக்கு வீரியமற்றது.

உண்மை: எந்தக் கருவியில் சோதித்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். வாயு நிறப்பகுப்புக் கருவியில் மாதிரி உள்ளே நுழையும் இடமே 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அங்கேயே அமிலம் டிஎச்சியாகிவிடுவதால் இரண்டும் ஒரே கணக்கில் விழும். திரவ நிறப்பகுப்பில் சூடு இல்லை. இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இந்த இடைவெளியில் அமெரிக்காவில் பெரிய வியாபாரமே நடந்தது. 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியைச் சணல் வகையான ‘ஹெம்ப்’ என்று அனுமதித்தது. உடனே ‘டிஎச்சிஏ பூ’ கடைக்கு வந்தது. ஒரு பூவின் சான்றிதழில் டிஎச்சி 0.2 சதவீதம், டிஎச்சிஏ 25 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்பன் டை ஆக்சைடு போன எடையைக் கழிக்க, அமிலத்தை 0.877ஆல் பெருக்க வேண்டும். 25ஐப் பெருக்கினால் 21.9, ஆக மொத்தம் 22.1 சதவீதம். தாளில் சாது. தீக்குச்சி உரசியதும் முழு வீரியக் கஞ்சா.

நம்பிக்கை 5: பச்சைச் சேர்மங்கள்தான் உண்மையான மருந்து.

உண்மை: 2022 ஜனவரியில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கஞ்சாச் செடியில் உள்ள சிபிடிஏ, சிபிஜிஏ என்ற இரு அமிலங்கள் கொரோனா வைரஸின் முள்புரதத்தில் ஒட்டிக்கொண்டு, அது செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பதாக எழுதினார்கள். ‘கஞ்சா கொரோனாவைத் தடுக்கும்’ என்று தலைப்புகள் பறந்தன. நடந்தது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில். ஒரு நோயாளிக்கும் கொடுத்துப் பார்த்ததல்ல.

மருந்தாக ஒப்புதல் பெற்றவை எவை? அமெரிக்க எஃப்டிஏ 1985இல் அனுமதித்த ட்ரோனாபினால், செயற்கையாகத் தயாரித்த டிஎச்சி, கீமோதெரபி குமட்டலுக்கானது. 2018இல் அனுமதித்த எபிடியோலெக்ஸ், சுத்திகரித்த சிபிடி (சிபிடிஏவிலிருந்து அமிலத் தொகுதி கழன்ற வடிவம்). கடுமையான சில குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கானது. இரண்டுமே அமிலத் தொகுதி இல்லாத வடிவங்கள். வலிப்பு மருந்தைக்கூட உடல் எடை பார்த்து அளந்து, ஈரல் பரிசோதனை செய்தபடிதான் கொடுக்கிறார்கள். மிக்சியில் அடித்த பச்சை இலைச் சாற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று அடித்தவருக்கே தெரியாது.

நம்பிக்கை 6: போதை ஏறாத நிலையில் வைத்திருந்தால் வழக்கு நிற்காது.

உண்மை: இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவை வரையறுப்பது செடியின் பாகத்தை வைத்து: பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இந்த வாசல் வழியாகத்தான் நடக்கின்றன. இலை விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. சட்டம் வரையறுக்கும் கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பிந்தையதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பையில் இருந்த பூ பச்சையா, காய்ந்ததா, அதில் டிஎச்சிஏ எத்தனை சதவீதம் என்றெல்லாம் இந்த வரையறை கேட்பதே இல்லை. பூ இருந்தால் அது கஞ்சா.