கடையின் இணைய முகவரி: பதிவு யார் பெயரில்?

கடை பிடிக்கும்போது வாடகை ஒப்பந்தத்தை நம் பெயரில் எழுதுகிறோம். ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரைச் சான்று எல்லாவற்றையும் நம் பெயரில்தான் வாங்குகிறோம். இணைய முகவரி என்று வரும்போது மட்டும், "தம்பி, நீயே பார்த்துச் செய்துவிடு" என்று கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த மசாலாப் பொடி மொத்த வியாபாரி ஒருவர் அப்படித்தான் செய்தார். தளம் அமைத்துக் கொடுத்தவர் முகவரியைத் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். பிறகு அவர் தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் வியாபாரியின் கண்ணில் படவே இல்லை. தவணை முடிந்து, முகவரி வேறு யார் கைக்கோ போயிற்று. மூட்டை, பாக்கெட், பில் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி! மீதமிருந்த பாக்கெட்டுகளில் எல்லாம் அதன் மேல் சீட்டு ஒட்டித்தான் சரக்கு அனுப்பினார்.

பெயர் வேறு, இடம் வேறு

டொமைன் என்பது பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது தளம் இருக்கும் இடம். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். இடம் பிடிக்காவிட்டால் தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், பெயர் அப்படியே இருக்கும்.

இணையத்தில் கணினிகளுக்கு எண்தான் முகவரி. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். நம் பெயருக்கு நேரே நம் தளத்தின் எண்ணை எழுதிவைப்பதைத்தான் "டொமைனைத் திருப்புவது" என்கிறார்கள்.

பெயர் தேர்வு

ஆங்கிலத்தில் பதியும் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை மட்டும் வரலாம். முதலிலும் கடைசியிலும் இடைக்கோடு கூடாது. 63 எழுத்துக்கு மேல் போக முடியாது. ஆனால் போனில் சொன்னால் ஒரே தடவையில் எழுதிக்கொள்ளும் பெயரே நல்ல பெயர். ழகரம் உள்ள பெயரை ஒருவர் 'இசட் எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'எல்' போட்டு எழுதுவார். அப்படிப்பட்ட பெயரானால் இரண்டு விதமாகவும் பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

அடுத்தவர் பெயரை ஒட்டிப் பதிவது ஆபத்து. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தைப் போலவே சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்போவே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பதியும்போது கவனிக்க வேண்டியவை

1. உரிமையாளர் என்ற இடத்தில் நம் பெயரோ, நம் நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். தளம் அமைப்பவரின் பெயர் கூடாது.

2. மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் நம்முடையவை. .காம் பெயரைப் பதிந்ததும் மின்னஞ்சலைச் சரிபார்க்க ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் முகவரி முடங்கிவிடக்கூடும்.

3. அந்த மின்னஞ்சல் இதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நின்றுவிடும். பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

4. பதிவு நிறுவனக் கணக்கின் கடவுச்சொல் நம்மிடம் இருக்க வேண்டும். ரசீதும் நம் பெயரில் வேண்டும்.

தளத்துக்குத் திருப்புதல்

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஹோஸ்டிங் நிறுவனம் தரும் நேம் சர்வர் பெயர்களைப் பதிவுக் கணக்கில் எழுதுவது ஒன்று. நேம் சர்வரை மாற்றாமல், 'ஏ ரெக்கார்டு' என்ற வரியில் தளத்தின் ஐ.பி. எண்ணை மட்டும் எழுதுவது மற்றொன்று.

ஏற்கெனவே கடையின் பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். நேம் சர்வரை மாற்றினால், அஞ்சலுக்கு வழி சொல்லும் 'எம்.எக்ஸ்.' வரிகளைப் புது இடத்திலும் எழுத வேண்டும். மறந்தால் ஆர்டர் கடிதங்கள் வந்து சேராது. மாற்றும் முன் பழைய வரிகளை எல்லாம் பிரதி எடுத்துவையுங்கள்.

மாற்றம் எல்லா இடத்திலும் தெரியச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் 48 மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே தீபாவளி விற்பனை நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இது கிரயம் அல்ல, குத்தகை

டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. ஓர் ஆண்டு முதல் 10 ஆண்டு வரை பதியலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். தவணை தவறி நீக்கப்பட்ட .காம் பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். சில நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலத்தில் விடுவதும் உண்டு.

பெரிய நிறுவனத்துக்கே இந்த மறதி நேர்ந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் பாஸ்போர்ட்.காம் என்ற பெயருக்கான 35 டாலரைக் கட்டத் தவறியது. ஹாட்மெயில் வாடிக்கையாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். முன்பின் தெரியாத ஒருவர் தம் கையிலிருந்து பணம் கட்டி உதவினார். நமக்கு அப்படி ஒரு நல்லவர் வருவார் என்று காத்திருக்க முடியுமா?

ஆயுத பூசையன்று புதுக்கணக்குப் போடும்போது, உரிமங்களைப் புதுப்பிக்கும் தேதிகளோடு டொமைன் முடியும் தேதியையும் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள், அமைத்துக் கொடுத்தவரிடம் இன்றே கேளுங்கள்: "பதிவு யார் பெயரில் இருக்கிறது?" உறவு நன்றாக இருக்கும்போதே பெயரை மாற்றி வாங்கிக்கொள்வது சுலபம்.