8 எப்படி 31.2 ஆனது?

கேள்வி: நெட்வொர்க் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜி.729 கோடெக் 8 கேபிபிஎஸ் என்று பாடத்தில் இருக்கிறது. விடையில் ஓர் அழைப்புக்கு 31.2 கேபிபிஎஸ் என்று போட்டிருக்கிறார்கள். மீதி எங்கிருந்து வந்தது?

பதில்: ஹெடர்களிலிருந்து. 8 என்பது குரலுக்கு மட்டும் உள்ள கணக்கு. வழக்கமாக 20 மில்லிசெகண்ட் பேச்சை ஒரு பாக்கெட்டில் வைக்கிறார்கள். ஆக நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 20 பைட்தான். அதன்மேல் ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12 என்று 40 பைட் ஏறிக்கொள்கிறது. சரக்கைவிடச் சாக்கு இரண்டு மடங்கு கனம்! ஈதர்நெட்டுக்கு இன்னும் 18. கூட்டினால் 78 பைட். 78 × 8 × 50 = 31,200 பிட். ஜி.711-க்குக் குரல் 160 பைட். இதே வழியில் 87.2 கேபிபிஎஸ் வரும்.

பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இணைப்பு வகையைக் கவனிக்காமல்தான். ஈதர்நெட்டுக்குப் பதில் பிபிபி என்றால் 18 போய் 6 ஆகும், விடை 26.4. ஆர்டிபி ஹெடர் சுருக்கமும் உண்டு என்றால் அந்த 40 பைட் 2 ஆகச் சுருங்கலாம், அப்போது 11.2 போதும்.

ஒரு பாக்கெட்டில் 40 மில்லிசெகண்ட் பேச்சை வைத்தால் ஈதர்நெட்டிலேயே 19.6-க்கு இறங்கும். ஆனால் தாமதம் கூடும், ஒரு பாக்கெட் தொலைந்தால் பேச்சில் பெரிய ஓட்டை விழும். அதனால் நான் 20-ஐயே பரிந்துரைப்பேன்.

இவையெல்லாம் ஒரு திசைக்கான கணக்கு. அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள்; நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.